கூடாரம் போடும் ஏரி எப்படி உண்டானது?

மாணவர்களே, பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கலாம் என்ற பேச்சு வீட்டில் எழும். பிரிக்பீல்ட்சில் இருந்தாலும் கிள்ளானில் இருந்தாலும், அதிக தூரம் போகாமலேயே பல ஏரிகளை அடைந்துவிடலாம். தூண்டில், பாய், சமையல் சட்டி எல்லாம் காரில் ஏறிவிடும். கூடவே ஒரு கேள்வியையும் எடுத்துச் செல்லுங்கள்: இந்த ஏரி எப்படி உண்டானது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் காணும் ஏரிகளில் பல இயற்கையாக உண்டானவை அல்ல. ஈயம் தோண்டிய குழிகள். நம் தாத்தா பாட்டி காலத்தில் இவற்றை 'ஈய லம்பம்' என்பார்கள். பள்ளி விடுமுறையில் இத்தகைய குட்டையில் குளிக்கப்போன மாணவர்கள் மூழ்கி இறந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அதனால் இந்தக் கேள்விக்கான விடை உயிரைக் காக்கும் விடை.

குழி ஏரியான கதை

1857ஆம் ஆண்டு கிள்ளானின் தலைவராக இருந்த ராஜா அப்துல்லா, ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியாக அனுப்பினார். அவர்கள் அம்பாங்கில் சுரங்கம் தோண்டினார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேர் மலேரியாவுக்குப் பலியானார்கள். ஆனாலும் சுரங்கம் நிலைத்தது; அதை ஒட்டிக் கோலாலம்பூர் வளர்ந்தது. பின்னர் சுங்கை பெசி, பூச்சோங், டெங்கில் என்று பல இடங்களில் நிலம் தோண்டப்பட்டது.

இங்கே நாம் ஈயம் என்று சொல்வது வெள்ளீயத்தை. அதன் தாது ஆற்று மணலோடு கலந்து கிடக்கும். நீரைவிட மணல் ஏறக்குறைய 2.6 மடங்கு கனமானது. தாதுவோ ஏறக்குறைய 7 மடங்கு கனமானது. இந்த வேறுபாடுதான் சுரங்கத் தொழிலின் இரகசியம். வேகமான நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். அந்தச் சேற்றுநீரைப் பம்பு மூலம் மேலே ஏற்றி, 'பாலோங்' என்னும் நீண்ட மரச்சரிவில் ஓடவிடுவார்கள். கனமான தாது குறுக்குக் கட்டைகளில் தங்கிவிடும். மணலும் களிமண்ணும் நீரோடு போய்விடும்.

1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும், எஞ்சியிருந்த சுரங்கங்களில் பல மூடப்பட்டன. நீரை இறைத்து வெளியேற்ற ஆளில்லாமல் போனதால் மழைநீரும் நிலத்தடி நீரும் குழிகளை நிரப்பின. ஏரிகள் பிறந்தன.

கரையில் என்ன ஆபத்து?

இயற்கை ஏரியின் கரை பெரும்பாலும் மெல்லச் சரியும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஆழம் படிப்படியாகக் கூடும். சுரங்கக் குழி அப்படியல்ல. மனிதன் நேராக வெட்டிய சுவர் அது. இரண்டு எட்டு வைத்தால், மூன்றாவது எட்டில் தரை இருக்காது.

அடுத்தது மணல். கடற்கரையில் மணல் வீடு கட்டியிருப்பீர்கள். சற்று ஈரமான மணல் நிற்கும். துகள்களுக்கு இடையே உள்ள சிறிதளவு நீர் அவற்றை ஒட்டிப் பிடிக்கிறது. இடைவெளி முழுவதும் நீர் நிரம்பினால் அந்தப் பிடி போய்விடும்; வீடு இடிந்து விழும். சுரங்க ஏரியின் கரையும் இப்படித்தான். பார்வைக்கு உறுதியாக இருக்கும். நீங்கள் ஏறி நின்றதும் சரியும். அடியில் பாலோங் கழித்துவிட்ட களிச்சேறு இருந்தால், கால் புதைந்து எடுக்க முடியாமல் போகும்.

மூன்றாவது, ஒளிவிலகல். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதனால் தெளிந்த நீரை நேர் மேலிருந்து பார்த்தால், உண்மையான ஆழத்தில் முக்கால் பங்குதான் தெரியும். 2 மீட்டர் ஆழம் 1.5 மீட்டராகத் தோன்றும். உங்கள் உயரம் 1.6 மீட்டர் என்றால், கால் ஊன்றி நிற்கலாம் என்று நினைத்த இடம் உங்கள் தலைக்கு மேல் போய்விடும்.

ஒருவர் விழுந்துவிட்டால்

உடனே குதிக்காதீர்கள். மூழ்குபவர் கையில் கிடைப்பதை இறுக்கிப் பிடிப்பார். காப்பாற்றப் போனவரும் மூழ்கிவிடுவார். மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக நெருக்கமானது. தலையை மட்டும் நீருக்கு மேலே தாங்க 4 அல்லது 5 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை போதும். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தின்படி, நன்றாக மூடிய 5 லிட்டர் வெற்றுப் போத்தல் முழுவதும் மூழ்கும்போது ஏறக்குறைய அந்த விசையைத் தருகிறது. அதில் சிறிதளவு நீர் விட்டால் தூரமாக வீசலாம். கயிறு கட்டி வீசினால் இன்னும் நல்லது. நீண்ட கம்பு, ஐஸ் பெட்டி ஆகியவையும் உதவும். கூடவே 999 எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள்.

இடியும் எலியும்

நம் வட்டாரத்தில் மாலை இடிமழை வழக்கமானது. மின்னலைக் கண்டதும் விநாடிகளை எண்ணுங்கள். ஒலி 3 விநாடியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் செல்லும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கூடாரமோ தனி மரமோ பாதுகாப்பு தராது. காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள்.

எலிச் சிறுநீர் கலந்த நீரும் ஈரமண்ணும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயைத் தரலாம். காலில் காயம் இருந்தால் நீரில் இறங்க வேண்டாம். மிச்ச உணவைத் திறந்து வைக்க வேண்டாம். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், ஏரிக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எங்கே போகலாம்?

பராமரிப்பும் காவலும் உள்ள இடமே குடும்பத்துக்கு ஏற்றது. கூடாரம் போட அனுமதி உண்டா என்று பெற்றோர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். டெங்கிலில் உள்ள பாயா இண்டா ஈரநிலம் பழைய சுரங்க நிலம்தான். இன்று பறவைகளின் இருப்பிடம். கெப்போங்கில் உள்ள மலேசிய வனஆய்வுக் கழகத்தின் காடும் அப்படியே. 1920களில் ஈயம் தோண்டி வெறுமையாகக் கிடந்த நிலத்தில் மரம் நட்டுத்தான் அந்தக் காடு வளர்க்கப்பட்டது. 2025இல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

செய்து பாருங்கள்

ஓர் அகன்ற தட்டில் ஈரமணலைக் குவித்து, செங்குத்தான கரை ஒன்று அமையுங்கள். அதன் மேல் ஒரு 50 சென் நாணயத்தை வையுங்கள். பிறகு தட்டில் மெல்ல மெல்ல நீர் ஊற்றுங்கள். நீர் எந்த அளவுக்கு ஏறும்போது கரை சரிகிறது என்று அளந்து எழுதுங்கள். ஏரிக்குப் புறப்படும் முன் அதைத் தம்பி தங்கைகளுக்கும் செய்து காட்டுங்கள்.