தாயின் கையிற் சென்ற பணம்

ஏழைகளுக்குப் பணமாகக் கொடுத்தால் அது கள்ளுக் கொட்டிலுக்கே போய்ச் சேரும் என்று கூறுவோர் நம்மிடையே பலர். அரசாங்க உதவிப் பணத்தைப் 'பிச்சைச் சம்பளம்' என்று அழைத்துப் பழகியவர்கள் அல்லவா நாம்! இவ்வையத்தை வாதத்தால் அன்றிச் சோதனையால் ஆராய்ந்த நாடு மெக்சிக்கோ.

1997ஆம் ஆண்டில் அந்நாட்டரசாங்கம் 'புரோகிரெசா' என்னும் திட்டத்தை நாட்டுப்புறங்களில் ஆரம்பித்தது. ஆய்வுக்கென 506 கிராமங்களைத் தெரிந்து, அவற்றுள் 320 கிராமங்களுக்கு முதலிலும், எஞ்சிய 186 கிராமங்களுக்குப் பின்னரும் உதவி வழங்கிற்று. காத்திருந்த கிராமத்தார்க்கு இது கொடுமையன்றோ என வாசகர் வினவலாம். எல்லார்க்கும் ஒரே காலத்திற் கொடுத்தல் இயலாதிருந்தது. இரு சாராரையும் ஒப்பிட்டமையாலேயே பயன் ஐயமறத் தெரிந்தது.

பணம் தகப்பனிடம் அன்றித் தாயிடமே கொடுக்கப்பட்டது. பிள்ளைகள் ஒழுங்காகப் பாடசாலை செல்லல் வேண்டும். குழந்தைகளைச் சுகாதார நிலையத்திற் காட்டல் வேண்டும். வகுப்பு உயர உயரத் தொகையும் உயர்ந்தது. ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திவிடும் பெண்பிள்ளைகளை எண்ணி, இடைநிலை வகுப்புகளில் அவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக வழங்கினர்.

விளைந்தது யாது? உதவி பெற்ற வீடுகளில் மரக்கறியும் பழமும் இறைச்சியும் முன்னிலும் அதிகமாகச் சமைக்கப்பட்டன. குழந்தைகள் நோய்வாய்ப்படுவது குறைந்தது. ஒன்று முதல் மூன்று வயது வரையான குழந்தைகள், உதவி பெறாதாரினும் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் கூடுதலாக வளர்ந்திருந்தனர். இவ்வளவுதானா என்று நகைத்தல் வேண்டா. அவ்வயதில் இழந்த வளர்ச்சியைப் பின்னர் ஈடுசெய்தல் மிக அரிது. இடைநிலை வகுப்புகளிற் சேர்ந்தோர் தொகையும், சிறப்பாகப் பெண்பிள்ளைகளின் தொகை, பெருகிற்று.

ஆயினும் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு வேறொரு செய்தி உறுத்துகின்றது. வகுப்பறைக்கு வந்த அப்பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகள் அதே அளவிற்கு உயரவில்லை. பணம் பிள்ளையைப் பள்ளிவாயில் வரை கொண்டுவந்தது. அதற்கப்பாலுள்ள வேலை நம்மைப் போன்றோருடையது.

பெயர்கள் மாறி 2019இல் முடிவுற்ற அத்திட்டத்தில் மற்றொரு நுட்பமும் இருந்தது. விலைவாசி ஏற்றத்திற்கேற்ப, ஆறு மாதத்துக்கொருமுறை உதவித்தொகையும் திருத்தப்பட்டது. நம் நாட்டிலோ, 1979இல் கூப்பன் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தபோது, அதில் அச்சிட்ட தொகை அப்படியே நின்றது. கடையில் விலை நிற்கவில்லை. மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் முத்திரையின் மதிப்பு ஏறத்தாழப் பாதியாயிற்று. மிக வறிய வீடுகளிலேதான் உணவு குறைந்தது.