பத்து நிமிட கிறீஸும் பல இலட்சம் ரூபா இயந்திரமும்

எமது பகுதிகளில் லீசிங்கில் எக்ஸ்கவேட்டர் எடுத்து, கல் குவாரிக்கும் மண் வேலைக்கும் விடுகின்ற சகோதரர்கள் பலர். மாதத் தவணையைத் தவறாமல் கட்டுவார்கள். பக்கெட் பின்களுக்குக் கிறீஸ் அடிக்கத்தான் நேரமிருக்காது.

கிறீஸ் வழுக்குவதற்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பின்னின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் கிறீஸ், தூசி உள்ளே போகாமல் தடுக்கும் அணையாகவும் இருக்கிறது. அதனால்தான் அழுக்கேறிய பழைய கிறீஸ் வெளியேறி, புதியது தெரியும் வரை அடிக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் நிப்பிளைத் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் மணலையும் சேர்த்தே உள்ளே தள்ளுகிறோம். புல்மோட்டை போன்ற கனிய மணல் பிரதேசங்களில் இது சின்ன விடயமல்ல. அங்குள்ள சேர்கோனின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7.5, குவார்ட்ஸ் 7 தான். இந்த மணல் கிறீஸோடு கலந்தால் பின்னையும் புஷ்ஷையும் அராவித் தின்றுவிடும்.

பாரம் தாங்கி மெதுவாக அசையும் பின்களுக்கு மொலிப்டினம் டைசல்பைட் கலந்த கிறீஸ் பொருத்தமானது. பக்கெட் பக்கத்துப் பின்களுக்குக் கடின வேலையில் 10 மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது அடிப்பது நல்லது. கிறஷர் மோட்டரின் பெயாரிங்குக்கோ அளவு மிஞ்சினால் அதுவே சூடாகிப் பழுதாகும். கடையில் கிடைத்ததை வாங்கி, வேறு வகைக் கிறீஸோடு கலப்பதும் கூடாது. சில வகைகள் சேர்ந்தால் இளகி ஓடிவிடும்.

இயந்திரம் ஒப்பரேட்டரின் கையில் அமானிதம் என்கிறோம். சரிதான். ஆனால் மணித்தியாலக் கணக்கில் கூலி கொடுப்பவர், கிறீஸ் அடிக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லையே! பிறகு அவரை மட்டும் குறை சொல்வது என்ன நியாயம்?

ஹைட்ரோலிக் ஒயிலில் எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். கண்ணுக்கே தெரியாத 10 மைக்ரோன் துகள்கூட பம்பையும் வால்வையும் தேய்க்கும். மூடியைத் திறக்கும் முன் சுற்றிவரத் துடையுங்கள். ஒயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பவர்கள் உண்டு. அழுத்தத்தில் பீறிடும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். முள் குத்தியது போலத்தான் இருக்கும், ஆரம்பத்தில் வலியும் பெரிதாக இராது. அப்படி நடந்தால் வேலை முடியும் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் சென்று, ஒயில் பாய்ந்தது என்று சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடலாம். கசிவைப் பார்ப்பதற்கு ஒரு காட்போட் துண்டு போதும்.