முந்தானைப் படம் யார் கையில்?

தேசூரில் தறியில் உட்கார்ந்திருக்கும்போதே போன் அடிக்கும். பேசுவது ஆரணி முதலாளி. "முந்தானை எவ்வளவு ஆச்சு? ஒரு படம் போடு." நெசவாளர் நாடாவை ஓரமாக வைத்துவிட்டு, ஜரிகை மின்னுகிற பக்கமாக நகர்ந்து நின்று ஒரு படம் எடுப்பார். வாட்ஸ்அப்பில் போய்விடும். அடுத்த முகூர்த்த சீசனுக்குக் கடைக்கு வரவேண்டிய டிசைன், சேலை தறியை விட்டு இறங்கும் முன்பே ஊர் தாண்டிவிடுகிறது. ஆரணிப் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டின் காவல் உண்டு. இந்தப் படத்துக்கு?

வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதுவரை நிம்மதிதான். 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப்பில் எல்லாச் செய்தியும் அனுப்புகிற போனிலேயே பூட்டப்பட்டு, வாங்குகிற போனில்தான் திறக்கிறது. 'எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்' என்று சொல்வது இதைத்தான். நடுவில் இருக்கும் சர்வர் பூட்டிய பெட்டியைச் சுமக்கிறதே தவிர, சாவி அதனிடம் இல்லை. இந்தப் பூட்டை வடிவமைத்தவர்கள் வாட்ஸ்அப்காரர்கள் அல்ல. சிக்னல் செயலியை உருவாக்கியவர்கள் செய்ததை வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள்.

வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போடுவதுபோல ஒன்று மிச்சமிருக்கிறது. போன் தொலைந்தால் பழைய சாட் திரும்பக் கிடைக்கட்டும் என்று எல்லோரும் கூகுளில் பேக்கப் எடுக்கிறோம். அந்த நகலுக்கும் பூட்டுப் போடும் வசதி 2021 அக்டோபரில் வந்தது. ஆனால் அதை நாமேதான் 'சாட் பேக்கப்' பகுதிக்குள் போய் இயக்க வேண்டும். இயக்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. பெட்டி யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை மணிக்குப் போனது என்பது இன்னொரு கேள்வி. செயலி தேர்ந்தெடுக்கும்போது பலரும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். நெசவுத் தொழிலில் இரண்டாவதுதான் பெரிய ரகசியம். ஆரணி முதலாளியிடம் பாவு வாங்கி நெய்கிறவர் காஞ்சிபுரம் கடை ஒன்றோடு தினமும் பேசுகிறார் என்று தெரிந்தால் போதும். என்ன பேசினார் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

இந்தக் கணக்கை எந்தச் செயலி எவ்வளவு எழுதி வைக்கிறது என்பதில்தான் வித்தியாசமே. வாட்ஸ்அப் மெட்டாவின் சொத்து. 2021-இல் அது தனியுரிமைக் கொள்கையை மாற்றிய விதத்துக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. சிக்னலை நடத்துவது லாப நோக்கமற்ற அறக்கட்டளை. 2016-இல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு ஒன்று சிக்னலை உருவாக்கியவர்களிடம் பயனர் விவரம் கேட்டது. கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் இரண்டையும்தான் கொடுத்தார்கள். ஒளித்து வைத்ததால் அல்ல. கையில் இருந்ததே அவ்வளவுதான். என் ஓட்டு சிக்னலுக்கு. ஆனால் முதலாளி அதில் இல்லையென்றால் யாருக்கு அனுப்புவது?

டெலிகிராம் ரகசியமானது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அங்கே 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் திறந்தால்தான் அந்தப் பூட்டு. குரூப்புகளுக்கு அது கிடையவே கிடையாது. நம்ம ஊர் ஜோஹோவின் 'அரட்டை' 2025 செப்டம்பரில் திடீரென்று பறந்தது. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் மூன்றே நாளில் 3.5 லட்சம் பேர் சேரத் தொடங்கினார்கள் என்றார் ஜோஹோவை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு. அந்த வேளையில் அதன் அழைப்புகளுக்குப் பூட்டு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. நவம்பரில்தான் இருவருக்கு இடையிலான சாட்டுக்கு அதைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். தமிழ்ப் பெயர் என்பதில் எனக்கும் சந்தோஷம்தான், ஆனாலும் பூட்டைப் பார்த்துத்தானே வீட்டுக்குள் பொருளை வைக்க முடியும்.

பூட்டு குற்றவாளிக்கும் உதவாதா என்ற கேள்வி எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் புதிதில்லை. 2018 மே மாதம், போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கும்பல் தாக்கியதில் ஒரு மூதாட்டி இறந்தார். குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்தது. வதந்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க வழி வேண்டும் என்ற பேச்சு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது. ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பியவர் அடையாளத்தைச் சேர்க்கலாம் என்று 2019-இல் ஐஐடி பேராசிரியர் காமகோடி அங்கே யோசனை சொன்னார். முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பது 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் கட்டாயமாக, வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. பூட்டை உடைக்கச் சொன்னால் நாட்டை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே சொன்னது. இதற்கிடையே, 2018 ஜூலையிலேயே, இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி செய்திருந்தார்கள். அதற்கு யாருடைய பூட்டையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு எழுதுகிற நான் போன மாதம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பட்டா நகல் எடுக்க, கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தேன். கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த, கடைக்காரர் "அப்புறம் வாங்க சார்" என்றார், வந்துவிட்டேன். பதினொரு நாள் கழித்து வேறு எதற்கோ 'லிங்க்டு டிவைசஸ்' பக்கத்தைத் திறந்தால், அந்தக் கம்ப்யூட்டரின் பெயருக்குக் கீழே, கடைசியாக இயங்கியது இன்று காலை 9.40 என்று இருந்தது.