ஸ்டான்லி (தானோட்ட வண்டி)

ஸ்டான்லி என்பது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணி, வோக்ஸ்வாகன் டூவரெக் காரை மாற்றியமைத்து உருவாக்கிய ஓட்டுநரில்லா வண்டி ஆகும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா, 2005 அக்டோபர் 8 அன்று மொகாவி பாலைவனத்தில் நடத்திய போட்டியில் இது வென்றது.

2004இல் நடந்த முதல் போட்டியில் எந்த வண்டியும் 12 கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை, பரிசும் வழங்கப்படவில்லை. மறு ஆண்டு ஸ்டான்லி 212 கிலோமீட்டரை 6 மணி 54 நிமிடத்தில் கடந்தது.

இதன் கூரையில் இருந்த லேசர் கருவிகள் அருகிலுள்ள தரையை அளந்து, சமதளம்தானா என்று உறுதிசெய்தன. அந்தத் தரையின் நிறத்தை வைத்து, கேமரா காட்டிய தொலைவுப் படத்தில் எது சாலை என்று கணினி கணித்தது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவது. வகுப்பறையில் நாங்கள் செய்ததும் இதுதான்!

20 லட்சம் டாலர் பரிசு முழுவதும் முதலிடத்துக்கே சென்றது. சுமார் 11 நிமிடம் பிந்திய சாண்ட்ஸ்டார்ம், மூன்றாவதாக வந்த ஹைலேண்டர் இரண்டும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வண்டிகள். அவற்றுக்குப் பரிசுத்தொகை எதுவுமில்லை. ஹைலேண்டர்தான் முதலில் முன்னணியில் இருந்தது. நடுவழியில் அதன் எஞ்சின் வலுவிழந்தது. ஒரு சிறு மின்வடிகட்டியின் பழுதே காரணம் என்பது 2017இல்தான் தெரியவந்தது. ஸ்டான்லி அணியின் தலைவர் செபாஸ்டியன் த்ரன் முன்னர் கார்னகி மெலனில் பணியாற்றியவர்.

ஸ்டான்லி பின்னர் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று தேசிய அருங்காட்சியகச் சேகரிப்பில் இடம்பெற்றது.