ஓடும் நீரும் ஹவுளும்

சொர்க்கத்தை வருணிக்கும் இடங்களில் திருக்குர்ஆன் தோட்டத்தையும் அதன் கீழ் ஓடும் ஆறுகளையும் பெரும்பாலும் சேர்த்தே சொல்கிறது. தோட்டத்தைக் குறிக்கும் 'ஜன்னத்' என்னும் அரபிச் சொல்லின் வேர் 'மறைத்தல்' என்னும் பொருளுடையது. மரச்செறிவு நிலத்தை மறைத்த இடமே ஜன்னத். இருமுறை வரும் 'ஃபிர்தவ்ஸ்' என்னும் சொல்லோ பழம் ஈரானிய மூலமுடையது. சுவர் சூழ்ந்த இடம் என்பது அதன் ஆதிப்பொருள். நிழலும் சுவரும் இருந்தாலும் நீரில்லையேல் தோட்டமில்லை என்பதைப் பாலைநிலத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

1526இல் ஆக்ராவை அடைந்த பாபர், இங்கு ஓடும் நீர் இல்லையே என்று தம் நினைவுக் குறிப்புகளில் குறைப்பட்டுக்கொள்கிறார்; பின்னர்க் கிணறும் நீர்ச்சக்கரமும் அமைத்துத் தோட்டம் கண்டார். வாய்க்கால்கள் நான்காகப் பகுக்கும் 'சார்பாக்' முறை அவர் வழித்தோன்றல்களிடம் செழித்தது. காஷ்மீரத்தில் ஜஹாங்கீரின் ஷாலிமாருக்கும் ஆசஃப்கானின் நிஷாத்துக்கும் மலைச்சரிவே விசை தந்தது. சமவெளியிலுள்ள தாஜ்மஹாலுக்கு அவ்வசதியில்லை. யமுனை நீரை மாடுகளைக் கொண்டு இறைத்து, உயர்ந்த தொட்டிகளில் தேக்கி, புதைகுழாய்களில் இறக்கினர். ஒவ்வொரு நீரூற்றின் அடியிலும் ஒரு செப்புக்கலம் வைத்தனர். நீர் முதலில் கலங்களை நிரப்பிய பிறகே மேலெழும். ஆதலின் வாயிலருகே உள்ளதும் கடைக்கோடியில் உள்ளதும் ஒன்றுபோல் எழுந்தன. இன்றைய பொறியாளரும் மெச்சும் நுட்பம் இது.

நாஞ்சில் நாட்டில் சார்பாக் வேரூன்றவில்லை. இதில் வியப்புமில்லை. இருபருவ மழையும், பழையாறும், எண்ணற்ற குளங்களும் உள்ள நிலம் இது. 1906இல் பேச்சிப்பாறை அணையும் சேர்ந்துகொண்டது. நீரை மேலே எறிந்து மகிழும் தேவை இங்கு எழவில்லை. படியிறங்கி நீரிடம் செல்வதே இம்மண்ணின் வழக்கம். தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையிலும் படித்துறையுடன் கூடிய குளத்தைக் காணலாம். நம் பள்ளிவாசல்களின் ஹவுளும் இவ்வழக்கத்துக்கு உறவுடையதே.

ஆனால் ஹவுளின் அளவை வழக்கம் மட்டும் தீர்மானிக்கவில்லை, ஃபிக்ஹும் தீர்மானித்தது. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லா, ஹனஃபீ மத்ஹபில் பத்துக்குப் பத்து முழம் என்ற வரையறைகளை மாணவர்களுக்கு நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம்.

நாம் இளமையில் தொழுத பள்ளியொன்றில் ஹவுளைச் சுற்றிச் சிறு ஓடை உண்டு. ஒளுச் செய்த நீர் அதன்வழி தென்னைக்கும் மருதாணிச் செடிக்கும் போகும். உடலில் பட்டு விழுந்த 'முஸ்தஃமல்' நீர் ஷாஃபிஈ சட்டப்படி மீண்டும் ஒளுவுக்கு ஆகாது. செடிக்குப் பாய்ச்சத் தடையேதுமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஹவுளைத் தூர்த்துக் குழாய் வரிசை அமைக்க முடிவாயிற்று. சுகாதாரம் என்றார்கள், கூட்டத்திலிருந்த நாமும் தலையசைத்தோம். ஒரு 'முத்து' அளவு நீரில், அதாவது இரு கை கொள்ளும் நீரில், நபி(ஸல்) அவர்கள் ஒளுச் செய்ததாக ஹதீஸ் உண்டு. திறந்த குழாயின் முன் எவருக்கும் அளவு தெரிவதில்லை. அந்நீர் முழுவதும் இன்று தெருச் சாக்கடையில் கலக்கிறது, மருதாணி பட்டுவிட்டது.

ஹவுளை மீண்டும் தோண்டுவது எளிதன்று. கழிநீர்க் குழாயைத் தென்னையின் பக்கம் திருப்பலாம் என்று நிர்வாகத்தாரிடம் சொல்லியிருக்கிறோம். அரை முழச் சரிவு போதும். மாடும் மேல்தொட்டியும் வேண்டா.