உள்ளூர் விளைச்சலில் பொங்கல் விருந்து

தைப்பொங்கல் சனவரி 14 அல்லது 15-ஆம் நாளில் வருகிறது. அமீரகத்தில் குளிர்காலக் காய்கறிகள் அறுவடையாவதும் அப்பருவத்தில்தான். எனவே விருந்துக்குரியவற்றுள் பலவற்றை உள்ளூர் விளைச்சலாகவே பெறலாம்.

காய்கறிக் குழம்பு: துபாய் அல் அவீர் சந்தை போன்ற இடங்களில், விளைந்த நாட்டின் பெயரைப் பார்த்துக் கத்தரி, பூசணி, பீன்ஸ், தக்காளி, முட்டைக்கோசு ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கவும். மொச்சையும் சேனையும் கிடைக்காவிடினும் குறையில்லை. காய்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக அமைவதே மரபு. ஓமானின் சலாலாவில் தேங்காயும் வாழையும் விளைகின்றன.

சர்க்கரைப் பொங்கல்: பச்சரிசி 1 கோப்பை, பாசிப்பருப்பு கால் கோப்பை, பாலும் நீருமாக 5 கோப்பை. அரிசி குழைந்தபின் வெல்லப்பாகு 1 கோப்பையும், கொட்டை நீக்கி அரைத்த பேரீச்சை அரைக் கோப்பையும் சேர்க்கவும். கோடையில் அறுவடையாகும் பேரீச்சை, உலர்ந்த நிலையில் ஆண்டு முழுவதும் கிடைக்கும்.

பாதுகாப்பு: பொங்கி வழியும் பால் எரிவாயு அடுப்பின் சுடரை அணைத்துவிடக்கூடும், எரிவாயு தொடர்ந்து கசியும். ஆகவே அடுப்பருகிலேயே நின்று, பால் பொங்கியவுடன் சுடரைக் குறைக்கவும். சுடர் அணைந்தால் வாயுக் குழாயை மூடி, சன்னல்களைத் திறக்கவும். மின்விசைகளைத் தொட வேண்டாம். மாடி முகப்பில் விறகோ கரியோ மூட்டலாகாது. தீ நேர்ந்தால் உடனே வெளியேறி, 997 என்னும் எண்ணை அழைக்கவும்.