ஜெட் விமானம் இலங்கைக்கு வந்த ஆண்டு

சீகிரியாக் குன்றின் உச்சியில் நிற்கும்போது வானத்தை அண்மித்துவிட்டதாகவே தோன்றும். ஆயினும் அவ்வுச்சி சுற்றுத்தரையிலிருந்து ஏறக்குறைய 600 அடிதான். 1952-ஆம் ஆண்டில் சேவைக்கு வந்த கொமெட் விமானமோ 40,000 அடி வரை உயர்ந்து பறந்தது. அறுபது சீகிரியாக்களை ஒன்றன்மேலொன்றாய் அடுக்கினாலும் அவ்வுயரம் எட்டாது.

அவ்வாண்டு மே 2-ஆம் தேதி, உலகின் முதலாவது ஜெட் பிரயாணிகள் சேவை இலண்டனிலிருந்து யொகானஸ்பேர்க்குக்குத் தொடங்கிற்று. ஆகஸ்டில் கொழும்புக்கும், அக்டோபரில் சிங்கப்பூருக்கும் கொமெட் வந்தது.

அத்துணை உயரத்தில் காற்று மிக மெலிந்திருக்கும். ஆகவே பிரயாணிகள் மூச்சுவிடும்பொருட்டு விமானத்தினுள் காற்றை அழுத்தி நிரப்புவர். இதனால் ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தின் உடல் சற்றே விம்மித் தணியும். கம்பியைப் பன்முறை வளைத்தால் முறிவதுபோல, அவ்வுலோகமும் நாளடைவில் சோர்ந்து வெடிப்புறும். இதனை அன்று எவரும் போதிய அளவு உணரவில்லை.

1954-இல் இரு கொமெட் விமானங்கள் நடுவானிற் சிதைந்தன. 56 பேர் மாண்டனர். பின்னர் ஒரு விமானத்தின் உடலை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றியிறக்கிச் சோதித்தபோதே காரணம் புலப்பட்டது. இன்று நாம் ஏறும் ஜெட் விமானங்கள் அப்பாடத்தைக் கற்றபின் அமைக்கப்பட்டவை. 1952-இன் சாதனையைப் போற்றும்போது, அந்த 56 பேரையும் நினைத்தல் நம் கடனாகும்.